சேர்ந்த இடம் தெரிகிற கார்

பின்சக்கரத்தின் மேல் வளைந்து இறங்குகிற மரச்சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு மரத்துண்டுகள் அங்கே சேர்கின்றன. இரு கைவிரல்களைக் கோத்துக்கொள்வதுபோல ஒன்றின் பற்கள் மற்றதன் இடைவெளிகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. மேலே பூசிய வார்னிஷுக்கு அடியில் அந்தப் பல்வரிசை துலக்கமாகத் தெரியும். பெயின்ட் அடித்து மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. இந்த விரல்கோப்பை ஓர் அலமாரியில் பார்த்தால் நல்ல தச்சுவேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். இது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ஒரு காரின் உடம்பில் இருக்கிறது.

அந்தக் கார் மோரிஸ் மைனர் டிராவலர். இங்கிலாந்தில் 1953 அக்டோபரில் வந்தது, 1971 வரை செய்தார்கள். மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேல். சின்னக் குடும்பத்துக்கான சின்ன ஸ்டேஷன் வேகன். முன்பாதி சாதாரண மோரிஸ் மைனர்தான். அதே உருண்டை முகம், அதே இரும்புத் தகடு. முன்கதவுகள் முடிகிற இடத்தில் இரும்பு நின்றுவிட, மரம் தொடங்குகிறது. அங்கிருந்து வால் வரைக்கும் ஆஷ் மரச்சட்டம். சட்டங்களின் இடைவெளியை அடைப்பவை பெயின்ட் அடித்த அலுமினியத் தகடுகள். பின்பக்கக் கூரையும் அலுமினியமே. பின்னால் அலமாரிக்கு இருப்பதுபோல இருபுறமும் திறக்கிற இரட்டைக் கதவு.

டிராவலரை முதன்முறை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மரத்தை அலங்காரம் என்றே நினைப்பார்கள். தப்பு அவர்களுடையதல்ல. உலகம் அவர்களை அப்படிப் பழக்கியிருக்கிறது. அமெரிக்காவில் மர உடம்போடு வந்த வேகன்கள் ஐம்பதுகளின் தொடக்கத்தில் நின்றுபோயின. அதற்குப் பின் இரும்பின் மேல் மரவரி அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டி விற்றார்கள். இங்கிலாந்திலேயே மினி டிராவலரில் இருந்த மரச்சட்டம் முழு இரும்பு உடம்பின் மேல் ஒட்டவைத்ததுதான். கழற்றி எறிந்தாலும் அந்தக் கார் ஓடும். மோரிஸ் மைனர் டிராவலரில் மரத்தைக் கழற்றினால் கூரை இறங்கிவிடும். கண்ணாடி நிற்பதும் பின்கதவு தொங்குவதும் பக்கவாட்டு விறைப்பும் அந்த மரத்தால்தான். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையில், நம் ஊர் எஃப்.சி. மாதிரி, மரம் உளுத்திருந்தால் வண்டி தேறாது. இரும்புச் சட்டத்தில் துருவைத் தேடுவதுபோல இங்கே மரத்தில் மக்கலைத் தேடுவார்கள்.

ஆஷ் என்பதற்குத் தமிழில் பெயர் இல்லை, அது குளிர்நாட்டு மரம். ஆனாலும் நமக்கு அறிமுகமில்லாத மரம் என்று சொல்லிவிட முடியாது. கிரிக்கெட் மட்டை வில்லோவில் செய்வது. ஸ்டம்பும் அதன் மேல் வைக்கும் பெய்ல்ஸும் வழக்கமாக ஆஷில் கடைந்தவை. வேகப்பந்து வந்து மோதி ஸ்டம்பைப் பிடுங்கி எறியும்போது, ஓர் அதிர்ச்சியை இந்த மரம் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோடாலிக் காம்பு, படகுத் துடுப்பு, குதிரைவண்டியின் ஏர்க்கால் எல்லாவற்றுக்கும் அங்கே ஆஷ்தான். நீளமான இழை, வளைந்து கொடுத்துத் திரும்புகிற குணம், அதிர்ச்சியைத் தாங்கும் பிடிப்பு. நம் தச்சர்கள் வண்டிச் சக்கரத்துக்குக் கருவேலம், பூவரசு என்று மரம் பார்த்துத் தேர்ந்தது போலவே, குதிரைவண்டிக் காலத்து ஆங்கிலத் தச்சர்கள் வண்டிக்கு ஆஷைத் தேர்ந்தார்கள். அந்த வழக்கம் அப்படியே காருக்குள் நுழைந்துவிட்டது. மால்வர்ன் ஊரில் மோர்கன் கார்களுக்கு இன்றைக்கும் ஆஷில்தான் உட்சட்டம் செய்கிறார்கள்.

ஒரே ஒரு குறை. ஆஷுக்குத் தண்ணீர் ஆகாது. தேக்குக்கு இருக்கிற எண்ணெய்ப்பசை இதற்குக் கிடையாது. ஈரம் தங்கினால் சில ஆண்டுகளில் கறுக்கும், பிறகு பஞ்சாகும். அப்படிப்பட்ட மரத்தை எடுத்து, மழை ஓயாத ஒரு நாட்டில், திறந்த வெளியில் நிற்கப்போகும் காருக்கு வெளிச்சட்டமாக வைத்தார்கள். இது அறியாமை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடுகிற வண்டிக்கு எது நல்ல மரமோ அதை வைத்தார்கள். நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கியவரிடம் விட்டார்கள்.

பக்கவாட்டுக் கண்ணாடிகள் மரச்சட்டத்தில் தள்ளித் திறக்கும் விதம். அந்தக் கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் தூசி சேரும், ஈரம் சேரும், கவனிக்காமல் விட்டால் பாசி பிடிக்கும். சில கார்களில் பச்சைப் பாசி வெல்வெட்டுபோல ஒரு வரிசையாகப் படர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். பார்க்க அழகு. அதற்கு நேர் கீழே சட்டத்தின் உள்பக்கம் போயிருக்கும். அந்த அழகை நம்பக் கூடாது.

ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் டிராவலர் ஒன்று பிரித்துப் போட்டிருந்ததை ஒரு பகல் முழுக்க நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மைனர் உருவான கவ்லி ஆலை அந்த ஊர்ப்புறத்தில்தான் இருந்தது. வேலை செய்துகொண்டிருந்த முதியவர் மெக்கானிக் அல்லர், தச்சர். கையில் ஒரு பேனாக்கத்தி வைத்திருந்தார். சட்டம் சட்டமாகப் போய் நுனியால் குத்திப் பார்த்தார். நல்ல மரத்தில் கத்தி நின்றது. கெட்ட மரத்தில் சத்தமில்லாமல் உள்ளே போனது. அவர் பெரும்பாலும் சட்டத்தின் நடுவில் குத்தவில்லை. இரு சட்டங்கள் சேர்கிற மூலைகளிலேயே குத்தினார். மரத்தின் பக்கத்தைவிட அறுத்த முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும், அது மரத்துக்குள் நீரைக் கொண்டுபோன இழைக்குழாய்களின் வாய். ஆகவே எந்த டிராவலரும் மூலையிலிருந்துதான் சாகத் தொடங்கும். கத்தி உள்ளே போன இடங்களில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். மத்தியானத்துக்குள் காரின் இடப்பக்கம் முழுக்க வட்டங்கள்.

மக்கிய துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத் துண்டு பொருத்துவதா, பக்கச் சட்டம் முழுவதையும் மாற்றுவதா என்பதுதான் இந்த வேலையின் பெரிய கேள்வி. தயாராகச் செய்த பக்கச்சட்டம் விலைக்குக் கிடைக்கிறது. முழுதாக வாங்கி மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும், உறுதியும் கூடும். நம்மூரில் லாரிக்குப் பாடி கட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பழைய மரத்தில் நல்லதைக் காப்பாற்றி, கெட்டதை மட்டும் சாய்வாக வெட்டி, அதே வரியோட்டமுள்ள புதுத் துண்டைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிற வேலைக்கு இருக்கிற நயம் அதற்கு வராது. அந்த முதியவர் ஒரு துண்டுக்காக ஆறேழு பலகைகளைப் புரட்டினார். தடிமன் சரியாக இருந்தவற்றையும் தள்ளிவைத்தார். வரி எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் பார்த்தார். பழைய சட்டத்தில் ஓடிவந்த வரி புதுத் துண்டுக்குள் தடையில்லாமல் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். அப்படி அமைந்துவிட்டால் ஒட்டு தெரியும், உறுத்தாது.

ஒட்டிய பிறகு ஒரேயடியாகத் தேய்த்துவிட்டு வார்னிஷ் அடிப்பதில்லை. சட்டங்கள் எல்லாவற்றையும் முதலில் பசையில்லாமல் பூட்டிப் பார்க்கிறார்கள். கதவு வைத்துப் பார்க்கிறார்கள், கண்ணாடி ஓட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் சரியென்றால் மறுபடி முழுக்கப் பிரிப்பு. கறுத்துப்போன பழைய மரத்தை ஆக்ஸாலிக் அமிலத்தால் கழுவுகிறார்கள். கறை இறங்கி மரம் தன் வெளிர் நிறத்துக்குத் திரும்புகிறது. பிறகு ஒவ்வொரு முனையையும் ஒவ்வொரு துளையின் உள்வாயையும் தனித்தனியாகப் பூச்சு குடிக்க வைக்கிறார்கள். பூட்டிய பின் யார் கண்ணுக்கும் தெரியாத பரப்புகள் இவை. வெளிப்பரப்புக்கு மூன்று கை என்றால் மறைந்துபோகிற முனைகளுக்கு ஐந்து கை. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மரத்தோடு முடிந்துவிடுவதில்லை. அந்தச் சட்டம் உட்கார்ந்திருக்கிற அடித்தளம் இரும்பு. பின் வில்தகடுகள் மாட்டுகிற இடம், முன்பக்க நீளச்சட்டம், உள்மட்கார்டு, நடுக் குறுக்குச்சட்டம் என்று துருவுக்குப் பிடித்த இடங்கள் வரிசையாக உண்டு. அவற்றில் தகடு வெட்டிப் புதுத்தகடு வெல்டிங் செய்வது எந்தப் பழைய காருக்கும் பொதுவான வேலை. விரிவாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஓர் ஒழுங்கு மட்டும் தப்பக் கூடாது. மரத்தை மாட்டிய பின் வெல்டிங் பொறி பறக்கக் கூடாது.

முன்பக்கத்துக்கு வருவோம். அங்கேயும் ஒரு சேர்ப்பு இருக்கிறது. பானட்டின் நடுவில் முன்னிருந்து பின்னாக, நான்கு அங்குல அகலத்துக்கு, ஒரு பட்டை லேசாக எழும்பி ஓடுவதைப் பார்க்கலாம். மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மிர்னாவில், இன்றைய இஸ்மிரில் பிறந்தவர், பின்னாளில் மினியைத் தந்தவர். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வண்டியை அறிமுகம் செய்வதற்குக் கொஞ்ச காலம் முன்பு, மாதிரிக் காரைப் பார்த்த அவருக்கு ஒல்லியாகப் பட்டது. கணக்கில் பிழை ஏதும் இருக்கவில்லை, கண் ஒப்பவில்லை. காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்க்கச் சொன்னார். நான்கு அங்குலம் விலகியபோது கண் ஒப்பியது. அந்த நான்கு அங்குலம்தான் பானட்டின் நடுப்பட்டை. ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, ஒரு துண்டு வைத்துச் சேர்த்தார்கள். ஆரம்பகாலக் கார்களில் அந்தச் சேர்ப்பு அப்படியே தெரியும்.

நிறுவனத்தின் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவேயில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டைபோல இருக்கிறது என்றார். அந்த முட்டை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பிரிட்டனில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் இதுதான்.

மீட்டெடுப்பு வேலையின் தரத்தை நான் பானட்டின் அந்த நடுப்பட்டையில்தான் அளப்பேன். பட்டி பூசித் தேய்க்கிற கை அவசரப்பட்டால் பட்டையின் இரு ஓரங்களும் மழுங்கிவிடும். கிட்ட நின்றால் தெரியாது. பத்தடி தள்ளி நின்று சாய்ந்த வெயிலில் பார்த்தால் ஓரத்தில் ஒளி உடைய வேண்டும். உடையாமல் வழுக்கிக்கொண்டு போனால் கார் முகமிழந்துவிட்டது என்று அர்த்தம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து மோரிஸ் நிறங்கள் அடங்கிய நிறங்கள். ஆல்மண்ட் கிரீன், ஸ்மோக் கிரே, ரோஸ் டோப், ட்ரஃபால்கர் புளூ. தேன் நிற மரத்துக்குப் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவை. அவற்றுள் ஆல்மண்ட் கிரீனுக்கு நிகராக எதையும் நான் சொல்லமாட்டேன். மரத்துக்கு இலை நிறம் அமைவதில் அதிசயம் என்ன இருக்கிறது? இப்போது சிலர் மரத்துக்குக் கறுஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, உடம்புக்கு மினுங்கும் மெட்டாலிக் பெயின்ட் அடிக்கிறார்கள். சாயம் வரியை மூடிவிடுகிறது. வரி மூடிய பிறகு அது மரமாக இருந்தால் என்ன, ஒட்டுத்தாளாக இருந்தால் என்ன.

இதனால் நான் மாற்றங்களுக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டிராவலரைப்போல மாற்றத்துக்கு இடம் கொடுக்கிற பழைய கார் அபூர்வம். அதற்குக் காரணம் அதன் இன்ஜின். ஏ-சீரிஸ் என்கிற அந்தக் குடும்பம் 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் தொடங்கியது. டிராவலர் வந்தபோது 803 சிசி. 1956இல் 948 ஆனது, 1962இல் 1098 ஆனது, குதிரைத்திறன் 30லிருந்து 48க்கு ஏறியது. இதே குடும்பத்தின் 1275 சிசி இன்ஜின் எம்ஜி மிட்ஜெட்டிலும் மோரிஸ் மரீனாவிலும் இருந்தது. அதை எடுத்து டிராவலரில் வைத்தால் தம்பி சட்டையைக் கழற்றி அண்ணன் சட்டையைப் போட்டதுபோலப் பொருந்துகிறது. நான்கு கியர் போதவில்லை என்பவர்கள் ஃபோர்டின் ஐந்து கியர் பெட்டியைப் பூட்டுகிறார்கள். முன்சக்கர டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு இருக்கைகள். இன்றைய நெடுஞ்சாலையில் குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டுகிறவருக்கு இவையெல்லாம் நியாயமான மாற்றங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் அடி டிரன்னியன் என்கிற மரையிட்ட மூட்டுக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடிந்து விழும். அதைப் பார்த்துக்கொள்வதும் இந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டியது.

இவற்றில் எதுவும் வெளியில் தெரியாது. அங்கேதான் ரசனை இருக்கிறது. கதவைத் திறந்து உட்கார்ந்தால் டாஷ்போர்டின் நடுவில் பழைய பெரிய ஸ்பீடோமீட்டர் அப்படியே இருக்க வேண்டும். வலப்பக்க ஸ்டீயரிங் நாட்டுக்கும் இடப்பக்க ஸ்டீயரிங் நாட்டுக்கும் ஒரே பலகை பொருந்தட்டும் என்று நடுவில் வைத்தது அது, இருபுறமும் கைப்பெட்டிகளோடு சமச்சீராக நிற்கிறது. இண்டிகேட்டர் கோலின் நுனியில் சிமிட்டுகிற பச்சை விளக்கும் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று எண்ணி, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்கிற ஓசையைச் சிலர் மின்னணு பம்ப் வைத்து ஒழித்துவிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்ததும் சைலன்சரில் புறா குமுறுவதுபோல எழுகிற ஒலியை யாரும் தொடக் கூடாது என்றே சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நின்றாலும் மோரிஸ் மைனர் போகிறது என்று சொல்லவைக்கிற ஒலி அது.

சக்கரம் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பதினான்கு அங்குல இரும்புச் சக்கரமும் அதன் நடுவில் குரோம் மூடியும்தான் இந்த உடம்புக்குப் பொருத்தம். அகலமான டயர் வேண்டுமென்றால் அதே தோற்றத்தில் அகலப்படுத்திய இரும்புச் சக்கரம் போடலாம். பளபளக்கும் அலாய் சக்கரம் போட்டால் கண் முதலில் அங்கே போய்விடும், மரத்துக்கு வராது.

இந்தக் காரின் கதையில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஐம்பதுகளில் விற்ற பேபி இந்துஸ்தான் மோரிஸ் மைனர்தான். அதன் பெரியண்ணன் மோரிஸ் ஆக்ஸ்போர்டு நம் அம்பாசடராகி 2014 வரை தயாரானது. மைனரின் முன் டார்ஷன் பார் சஸ்பென்ஷனை அம்பாசடருக்கு அடியில் படுத்து வேலை பார்த்த எந்த மெக்கானிக்கும் அடையாளம் கண்டுகொள்வார். இலங்கையிலோ இறக்குமதி இறுகிக்கிடந்த காலத்தில் மோரிஸ் மைனரையும் ஆஸ்டினையும் விடாமல் பழுது பார்த்து ஓட்டினார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் சில துளி பெட்ரோல் விட்டு இன்ஜினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய இன்ஜினின் பெருந்தன்மையும் அந்த ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறனும் சேர்ந்த வேலை அது. இந்தத் திறனை இங்கிலாந்தும் கண்டுகொண்டது. பாத் நகரில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர், ஒரு காரைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து ஆயுள் முழுக்க வைத்திருப்பதே சிக்கனம் என்று நூல் எழுதியவர். மைனருக்கான தகடுகளையும் உதிரிகளையும் அவர் இலங்கைப் பட்டறையில் செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆண்ட நாட்டிலிருந்து வந்த காருக்குக் காலனியாக இருந்த தீவு உறுப்பு செய்து அனுப்பியது.

பிரிட்டனில் நாற்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை, அடிப்படை அமைப்பைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. டிராவலர்கள் எல்லாமே இன்று அந்த வயதைக் கடந்தவை. சோதனை இல்லையென்பதால் மரத்தைக் குத்திப் பார்க்கிற கத்தி இனி வைத்திருப்பவரின் கையில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், ஆஷ் மரத்துக்கே ஆபத்து வந்திருக்கிறது. நுனியிலிருந்து பட்டுப்போகச் செய்யும் பூஞ்சை நோய் ஒன்று 2012இல் பிரிட்டனில் தெரியவந்தது, காடு காடாகப் பரவிக்கொண்டிருக்கிறது. நல்ல ஆஷ் பலகை இனி எளிதில் கிடைக்குமா என்ற கவலை தச்சர்களுக்கு வந்துவிட்டது. கொட்டகையில் அந்த முதியவர் நல்ல பலகைகளைத் தரையில் படாமல் உயரத்தில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காற்றாட விட்டிருந்தார். மீந்த அறுப்புத் துண்டுகளைக்கூட எறியவில்லை. சாண் நீளமுள்ளவை ஒரு பெட்டி, முழ நீளமுள்ளவை ஒரு பெட்டி.

மாலையில் கிளம்பும் நேரத்தில் அவர் புதிதாகச் சேர்த்த சக்கரவளைவைக் காட்டினார். பழைய துண்டு லேசான பழுப்பு, புதுத் துண்டு வெண்ணெய் நிறம். நிறம் சமமாகும்படி சாயம் தொட்டிருக்கலாமே என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வெயில் பார்த்துக்கொள்ளும் என்றார்.

இங்கிலாந்துக்கோ கொழும்புக்கோ போகும்போது எங்காவது ஒரு மோரிஸ் டிராவலர் நிற்பதைப் பார்த்தால் முன்முகத்தைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். அந்த விரல்கோப்பில் எத்தனை பற்கள் என்று எண்ணிப் பாருங்கள், விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நல்ல கையில் இருக்கிற வண்டியென்றால் சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படாது.